அப்பாவின் பாட்டுப் பெட்டியை நான் ரிப்பேர் செய்த கதை

எனக்கு எதையும் சும்மா விடத் தெரியாது. இது என் கணவர் என்மீது வைக்கும் புகார். கல்யாணமான நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறார். அவரையும் நான் சும்மா விட்டதில்லை என்பதால் அதில் உண்மை இருக்கலாம்.

மலேசியாவில், ஜொகூர் மாநிலத்துக் குளுவாங்கில் ஓர் எலக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில் நான் லைன் லீடர். பத்தொன்பது வயதில் ஆப்பரேட்டராகச் சேர்ந்தேன். இன்றைக்கு நான் எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்தப் பக்கத்துப் பெண்கள் முதுகை நிமிர்த்தி உட்காருகிறார்கள். கடுகைவிடச் சின்ன பாகங்களை இடுக்கியால் எடுத்து வைத்துப் பழகிய கை இது. அந்தக் கையைப் பற்றி எனக்கு இருந்த திமிர்தான் இந்தக் கதை. கொஞ்சம் அப்பாவும் வருவார்.

அப்பா பக்கத்து ஊரான பாலோவில் தனியாக இருக்கிறார். எண்ணெய் ஆலைக்குச் செம்பனைப் பழம் ஏற்றும் லோரி ஓட்டியவர். அம்மா போன பிறகு என் வீட்டுக்கு வந்துவிடுங்கள் என்று நானும் தம்பியும் கெஞ்சினோம், மிரட்டினோம், கோயிலில் வைத்துச் சத்தியம்கூடக் கேட்டோம். ஒரே ஒரு வாரம் குளுவாங்கில் வந்து இருந்தார். எட்டாவது நாள் காலையில் துணிப்பையோடு வாசலில் நின்றார். "உன் புருஷன் டிவியில பந்து பாக்குற சத்தத்துல கண்ணோட சேந்து காதும் போயிரும்மா. என்னை என் வீட்டுல விட்டுரு" என்றார்.

கண் போன கதை அது. இனிப்பு நீர், அதாவது சர்க்கரை நோய், அவருடைய இடது கண்ணைத் தின்று முடித்து, வலது கண்ணிலும் கை வைத்திருந்தது. வலது கண் பரவாயில்லை என்று அப்பா சொன்னார். ஆஸ்பத்திரியில் எழுத்துப் பலகையைப் படிக்கச் சொன்னபோதும் நாலு வரி தடங்கலில்லாமல் படித்தார். அதனால் நானும் தம்பியும் உட்கார்ந்து பேசி ஓர் ஒப்பந்தம் போட்டோம். தானே சமைத்து, தானே மருந்து போட்டு, தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும் வரைக்கும் அப்பா பாலோவில் இருக்கலாம். வலது கண்ணும் போய்விட்டது என்று தெரிகிற நாளில் மறுபேச்சு இல்லாமல் என் வீட்டு நடு ரூமுக்கு வந்துவிட வேண்டும். அப்பா ஒத்துக்கொண்டார். அவர் ஏதோ ஒன்றை அவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொண்டதைப் பார்த்து எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

அவரிடம் ஒரு பாட்டுப் பெட்டி இருந்தது. கையடக்கம்தான், சீட்டுக்கட்டு அளவு, வெள்ளை முகம், மேலே சின்னத் திரை, கீழே ஒரு வட்டச் சக்கரம். கட்டைவிரலால் சக்கரத்தைத் தடவிச் சுற்றினால் 'டிக், டிக்' என்று பட்டியல் இறங்கும். தம்பி சிங்கப்பூரில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் வாங்கியது. கைப்பேசியிலேயே பாட்டு வந்த காலத்தில் அதை அப்பாவிடம் தள்ளிவிட்டான். அப்பாவுக்காக இருநூற்றுப் பதினோரு பாட்டு ஏற்றிக் கொடுத்திருந்தான். எல்லாவற்றுக்கும் அவனைப் போலவே பொறுப்பில்லாத பெயர்கள். 'ட்ராக் ஒன்று', 'ட்ராக் ஒன்று', 'புதுசு', 'புதுசு இரண்டு', 'தெரியாது'. ஒரு பாட்டுக்கு 'ம்ம்ம்' என்று பெயர்.

அப்பாவுக்கு அது உயிர். காலையில் சுப்ரபாதம் மாதிரி ஒன்று, சமைக்கும்போது ஒன்று, மத்தியானம் தூங்க ஒன்று, பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் கத்தினால் அதற்கென்று ஒன்று. நேரத்துக்குத் தக்கபடி வேண்டியதை அவரே தேடி எடுத்துக் கேட்பார். யாராவது "நான் எடுத்துத் தர்றேன்" என்று கை நீட்டினால் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொள்வார்.

போன வருடக் கடைசியில் அந்தப் பெட்டி சாகத் தொடங்கியது. பேட்டரி இருபது நிமிடம்தான் தாங்கியது. பின்பக்கத் தகடு ஆறு மாதக் கர்ப்பிணி மாதிரி உப்பிவிட்டது. உள்ளே சுற்றும் ஹார்ட் டிஸ்க் வேறு, பாட்டு மாறும்போதெல்லாம் பல்லைக் கடித்தது.

"வேற ஒண்ணு வாங்கிக் குடுத்துரலாம்லா அக்கா. இப்ப யாரு இதெல்லாம் ரிப்பேர் பண்றாங்க?" என்றான் தம்பி.

"நான் பண்றேன்" என்றேன்.

இணையத்தில் தேடினேன். உலகம் முழுக்க என்னைப் போன்ற பைத்தியங்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். பழைய ஹார்ட் டிஸ்கைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் ஒரு சின்ன போர்டை வைத்து, அதில் கேமராவுக்குப் போடுகிற மெமரி கார்டைச் செருகுகிறார்கள். சுற்றுகிற பாகமே கிடையாது, அதனால் கீழே விழுந்தாலும் கெடாது, பேட்டரியும் நாள் கணக்கில் நிற்கும். போர்டு, கார்டு, புது பேட்டரி எல்லாவற்றுக்கும் ஆர்டர் போட்டேன். பார்சல் வந்த அன்று எனக்குத் தீபாவளி.

சனிக்கிழமை, சாப்பாட்டு மேசையைத் துடைத்து வெள்ளைத் துணி விரித்து உட்கார்ந்தேன். முதலில் பழைய டிஸ்கில் இருந்த பாட்டுகளை மகளின் லேப்டாப்பில் இறக்கினேன். பாவம், அது கடைசி மூச்சைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கொடுத்தது. பிறகு பிளாஸ்டிக் பட்டையை ஓரத்தில் செருகி, தகட்டைச் சுற்றி வந்து நெம்பினேன். 'டப்' என்று திறந்தது. கூடவே என் கட்டைவிரல் நகமும் பாதி போனது.

"சோறு எங்க?" என்று கேட்டார் கணவர்.

"சட்டியில. மேசையில இடமில்ல, நின்னுக்கிட்டே சாப்பிடுங்க."

"நான் என்ன குதிரையா?"

அவர் நின்றுகொண்டே சாப்பிட்டார். நான் காகிதத்தைவிட மெல்லிய ரிப்பன் ஒயரைப் பிடித்திருந்த பூட்டை இடுக்கியால் தூக்கினேன். அந்தப் பூட்டு என்னிடம் சொல்லிக்கொள்ளாமல் பறந்தது. நானும் அவரும் தரையில் குப்புறப் படுத்து டார்ச் அடித்துத் தேடி, ஐஸ் பெட்டிக்கு அடியில் ஒரு செத்த கரப்பானின் பக்கத்தில் கண்டுபிடித்தோம். அவர் அன்றைக்கு என்மீது வைத்த பார்வையைப் பற்றி எழுதப் போவதில்லை. ஆனால் ஒரு மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது. பின்தகடு 'க்ளிக்' என்று உட்கார்ந்தது. திரை பளிச்சென்று எரிந்தது. நான் எழுந்து நின்று கை தட்டிக்கொண்டேன். வேறு யாரும் தட்டவில்லை.

இத்தோடு நிறுத்தியிருந்தால் நான் நல்லவள்.

எங்கள் ஃபேக்டரியில் சுவர் முழுக்க ஒரு விதி ஒட்டியிருக்கும். தேவையில்லாததைத் தூக்கிப் போடு, இருப்பதை வரிசைப்படுத்து, சுத்தம் செய், பெயர் ஒட்டு, அப்படியே காப்பாற்று. ஜப்பான்காரன் சொல்லிக் கொடுத்தது. முப்பது வருடமாக அதைப் பார்த்துப் பார்த்து, என் வீட்டு மசாலா டப்பாவில்கூட லேபிள் இருக்கும். அப்படிப்பட்ட என் கண்ணில் 'ட்ராக் ஒன்று, ட்ராக் ஒன்று, ம்ம்ம்' பட்டால் நான் என்ன செய்வேன்?

மூன்று இரவு உட்கார்ந்து ஒவ்வொரு பாட்டையும் கேட்டு, கண்டுபிடித்து, ஒழுங்கான பெயர் வைத்தேன். இரட்டையாக இருந்ததை நீக்கினேன். பாதியில் அறுந்துபோகிற பாட்டு ஒன்று இருந்தது, அதை ரிஜெக்ட் என்று தூக்கி எறிந்தேன். பிறகு, கார்டில் கடல் அளவு இடம் சும்மா கிடக்கிறதே என்று லேப்டாப்பில் இருந்ததை எல்லாம் ஏற்றினேன். தம்பியின் பாட்டுகள், என்னுடையவை, கல்யாண சிடிக்கள், பக்திப் பாட்டுகள், எல்லாமாக ஆறாயிரத்துக்கு மேல். அகர வரிசையில், அடுக்கி வைத்த பீங்கான் தட்டு மாதிரி நின்றன.

பழைய டிஸ்கை என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். ஃபேக்டரியில் கழற்றிய பாகம் மறுபடியும் லைனுக்குள் வந்துவிடக் கூடாது என்பதற்காக, ரிஜெக்ட் ஆனதை உடைத்துத்தான் போடுவோம். பழக்கம். பின்வாசலில் வைத்து அம்மிக் குழவியால் ஒரே போடு. உப்பிய பேட்டரியை அடிக்கவில்லை, அவ்வளவு மடச்சி இல்லை. அதை ஃபேக்டரியில் அதற்கென்று இருக்கும் தொட்டியில் போட்டேன்.

மறு வாரம் பாலோவுக்குக் கொண்டுபோய் அப்பாவின் கையில் கொடுத்தேன்.

"பாருங்கப்பா, ஸ்க்ரீன் எவ்ளோ பளிச்சுன்னு இருக்கு!"

அப்பா முகத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். "ஆமாம்மா, நல்ல பளிச்சு" என்றார்.

"ஆறாயிரம் பாட்டு. எல்லாத்துக்கும் பேரு இருக்கு. ஏ, பி, சி வரிசையில."

"ஆறாயிரமா?" என்றார். கொஞ்ச நேரம் பெட்டியைத் தடவிக்கொண்டே இருந்தார். "உன் கை கெட்டிக்காரக் கை" என்றார். அந்த ஒரு வார்த்தையை மூன்று வாரம் ஃபேக்டரி முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

நாலாவது வாரம் அப்பாவின் பக்கத்து வீட்டுச் சீன ஆண்ட்டி எனக்குப் போன் செய்தார். எங்கள் இருவருக்கும் மலாய்தான் பொது மொழி. சிரிப்பும் பயமும் கலந்த குரலில் அவர் சொன்னது இதுதான்: உன் அப்பா காலையில் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று எனக்கு மேண்டரினில் வணக்கம் சொல்கிறார். ஒன்று, இரண்டு, மூன்று என்று பத்து வரைக்கும் எண்ணுகிறார். நேற்று, 'நான் ஒரு மாணவன்' என்றார். உடம்புக்கு ஒன்றும் இல்லையே?

அலமாக்! எழுபத்து நாலு வயதில், எட்டு வருடம் பக்கத்து வீட்டில் இருந்தும் அந்த மனுஷியிடம் 'சாப்பிட்டாச்சா' என்பதை மலாயில் மட்டுமே கேட்டவர், திடீரென்று மாணவனாகிவிட்டாரா? தம்பியைக் கூப்பிட்டேன். அவன் ஜொகூர் பாருவில் இருந்துகொண்டு தினமும் மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவன். எதற்கும் நேரம் இல்லாதவன், முடிவு எடுக்க மட்டும் அவசரப்படுவான்.

"மூளை போவுதுக்கா. மறதி நோய்ல இப்படித்தான் என்னமோ பேசுவாங்களாம், படிச்சேன். கண்ணும் எப்படின்னு தெரியல. போதும். ஞாயித்துக்கிழமை வேன் சொல்றேன். கட்டிலோட தூக்கிட்டு வந்து உன் வீட்டுல விட்டுருவோம்."

"நான் சனிக்கிழமை போய்ப் பாக்கறேன். அதுக்கப்புறம் சொல்லு."

"நீ பாத்தாலும் அதேதான்."

சனிக்கிழமை காலையில் பாலோவுக்குப் போனேன். இன்னும் பாட்டு ஏற்றிக் கொடுக்கலாம் என்று லேப்டாப்பையும் எடுத்துப் போனேன், என் புத்தி அப்படி. கேட் திறந்திருந்தது, கதவும் காற்றுக்காகத் திறந்து கிடந்தது. அப்பா வாசலைப் பார்த்துப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். காதில் ஒயர், மடியில் பெட்டி, கட்டைவிரல் சக்கரத்தில்.

நான் அவருக்கு எதிரே, நாலு அடி தூரத்தில் நின்றேன். ஃபேக்டரி விளையாட்டு நாளுக்குக் கொடுத்த டீ-சட்டை போட்டிருந்தேன். நெடுஞ்சாலையில் ரோடு போடுகிறவர்கள் போடும் ஆரஞ்சு நிறம். அப்பா நேராக என்னைப் பார்த்தார். பார்த்தபடியே சக்கரத்தைச் சுற்றினார். உதடுகள் அசைந்தன. "பதினேழு, பதினெட்டு, பத்தொம்பது." விரலை நிறுத்தினார். நடுப் பொத்தானை அமுக்கினார். கேட்டார். முகம் சுளித்தது. சக்கரத்தைப் பின்னால் சுற்றி மறுபடியும் முதலிலிருந்து. "ஒண்ணு, ரெண்டு, மூணு..."

நான் அசையவில்லை. அவர் என்னைப் பார்த்துக்கொண்டே ஐந்து முறை அதைச் செய்தார். ஐந்து முறையும் கடைசியில் முகம் சுளித்தார். காதில் இருந்த ஒயரின் வழியாக மெல்லிசாக ஒரு பெண் குரல் எனக்கும் கேட்டது. அது பாட்டு இல்லை. பாடம். வேலைக்கு ஆகும் என்று மேண்டரின் படிக்க ஆரம்பித்து மூன்றே வாரத்தில் என் மகள் கைவிட்ட பாடங்கள். எண்ணில் தொடங்கும் பெயர்கள் என்பதால் நான் அடுக்கிய அழகான வரிசையில் முதல் நாற்பது இடத்தையும் அவைதான் பிடித்திருந்தன.

அப்போதுதான் எல்லாம் உறைத்தது. அப்பா இத்தனை காலமும் அந்தத் திரையைப் படித்துப் பாட்டு எடுக்கவில்லை. எண்ணி எடுத்திருக்கிறார். இருநூற்றுப் பதினோரு பாட்டில் எது எத்தனையாவது 'டிக்' என்று விரலுக்குத் தெரிந்திருக்கிறது. நான் பெயர் வைத்து, வரிசை மாற்றி, ஆறாயிரத்தைக் கொட்டி, அவருடைய வழியை அடைத்துவிட்டேன். பட்டியல் நீளமானால் அந்தச் சக்கரம் வேகமெடுத்துத் தாவும் வேறு. பாதி தூரம் போனால் ஒரு டிக்குக்கு நூறு பாட்டு ஓடிவிடும். எண்ணவே முடியாது. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கதை.

"அப்பா" என்றேன்.

தூக்கிவாரிப் போட்டது அவருக்கு. ஒரே விநாடியில் முகத்தைச் சரிசெய்துகொண்டார். "வாம்மா! எப்ப வந்த? அட, பச்சைச் சட்டை நல்லா இருக்கே உனக்கு."

எனக்கு அழுகை வந்தது. கோபத்தில் வந்த அழுகை.

"இது ஆரஞ்சுப்பா. குருடன் பாத்தாலும் கண்ணு கூசுற ஆரஞ்சு!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று தெரிந்தது. அப்பா ஒயரைக் காதிலிருந்து எடுத்துச் சுருட்டினார்.

"எப்போலேர்ந்து?" என்று கேட்டேன்.

"போன தைப்பூசத்துக்கு முன்னாடி."

"ஆஸ்பத்திரியில நாலு வரி படிச்சீங்களே!"

"எனக்கு முன்னாடி போன மலாய்க்காரர் சத்தமா படிச்சாரு. நான் வெளியில பெஞ்சுல உக்காந்து மனப்பாடம் பண்ணிட்டேன்." அதைச் சொல்லும்போது அந்த மனுஷனுக்குப் பெருமை வேறு. "அஞ்சாவது வரியில அவரே தடுமாறுனாரு. அதான் நானும் நாலோட நிறுத்திக்கிட்டேன்."

"ஏன் எங்கிட்ட சொல்லல? பாட்டு எடுக்க முடியலன்னாச்சும் சொல்லியிருக்கலாம்ல? நாலு வாரமா சீனப் பாடம் கேட்டுக்கிட்டு உக்காந்திருக்கீங்க!"

"சொன்னா ஏன் முடியலன்னு கேப்ப. அப்புறம் அந்த நடு ரூம்" என்றார். பிறகு குரல் இறங்கியது. "நீயும் ஆசையா செஞ்சு கொண்டாந்த. அதுலயும் அந்த வாத்தியாரம்மா நல்லாத்தான் சொல்லித் தருது."

வீட்டைச் சுற்றி வந்தேன். லைன் லீடர் கண்ணோடு ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அடுப்புத் திருகில் ஓர் இடத்தில் ரப்பர் பேண்ட் சுற்றியிருந்தது. உப்பு டப்பா உயரம், சீனி டப்பா குட்டை. சாவி ஆணியில், செருப்பு தரை ஓட்டின் ஓரத்தில். ஒரு பொருள்கூட இடம் மாறி இல்லை. எங்கள் ஃபேக்டரி ஆடிட்டர் வந்திருந்தால் பரிசு கொடுத்திருப்பான். இதை எல்லாம் நான் மாதம் ஒரு தடவை வந்து பார்த்து, 'அப்பா எவ்வளவு நீட்' என்று பாராட்டிவிட்டுப் போயிருக்கிறேன்.

ஐஸ் பெட்டியைத் திறந்தபோது கை நின்றது. கதவின் தட்டில் இன்சுலின் பேனா. பின்பக்கத்தைத் திருகி அளவு வைத்து, வயிற்றில் குத்திக்கொள்வது. அளவு காட்டும் எண் எறும்பு அளவில் இருக்கும்.

"இதை எப்படி வைக்கிறீங்க?"

"திருகுனா டிக், டிக்குன்னு சத்தம் வரும். பதினெட்டு எண்ணணும்."

"ஒண்ணு தப்புனா?"

"இதுவரைக்கும் தப்பல."

"வச்சுக் காட்டுங்க, பாக்கறேன்."

"எதுக்கு? நீ என்ன டாக்டரா? வையி அதை அங்க." கை நீட்டிப் பேனாவை வாங்கி, அதே தட்டில், அதே இடத்தில் வைத்துக் கதவைச் சாத்தினார். "அது என் வேலை."

பாட்டுப் பெட்டியில் எண்ணிக்கை தப்பினால் சீனப் பாடம் வரும். இதில் தப்பினால் என்ன வரும் என்று எனக்குத் தெரியும். ஒரு பெரியப்பா அப்படித்தான் போனார், அளவு கூடிப்போய், தூக்கத்திலேயே. மறுநாள் வேன் வந்துவிடும். தம்பி கேட்டால் என்ன சொல்வது? உண்மையைச் சொன்னால் அப்பாவை இந்த வீட்டிலிருந்து பிடுங்கி எடுக்க வேண்டும். பொய் சொன்னால் தினமும் அந்தப் பேனாவை நினைத்துக்கொண்டே தூங்க வேண்டும். எனக்குத் தலை வெடித்தது. தலை வெடிக்கும்போது எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: கையில் இருக்கிற வேலையைச் செய்வது. மேசையில் லேப்டாப்பை வைத்தேன்.

"சொல்லுங்க. முதல்ல எது?"

அப்பாவுக்குப் புரியச் சற்று நேரம் ஆனது. புரிந்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"முதல்ல நாதஸ்வரம். ரெண்டு, அந்த மூக்கடைச்சவன் பாடுறது. மூணு, அழுமூஞ்சி."

"பேரு சொல்லுங்கப்பா."

"பேரு யாருக்குத் தெரியும்? பாடுறேன், கண்டுபிடி."

பாடினார். அப்பாவின் குரலில் எல்லாப் பாட்டும் லோரி மேடு ஏறுவது போலத்தான் இருக்கும். இருந்தாலும் கண்டுபிடித்தேன். ஒவ்வொன்றாக இழுத்து வரிசையில் வைத்தேன். பத்து, பதினைந்து, இருபது. இருபத்திரண்டாவதில் நிறுத்தினார்.

"அது பாதியில அறுந்துரும். ரெண்டு வரி பாடிட்டு மூச்சு போயிரும்."

"அது ரிஜெக்ட்டுப்பா. தூக்கிப் போட்டுட்டேன்."

"யாரைக் கேட்டுப் போட்ட?" என்று சீறினார். "அங்க ஒண்ணும் இல்லன்னா அதுக்குக் கீழ எல்லாம் ஒவ்வொண்ணு மேல ஏறிப்போயிரும். மூணு வயசுப் பிள்ளைக்குத் தெரியும். எதையாச்சும் வை அந்த இடத்துல. அந்தச் சீன வாத்தியாரம்மாவை வை."

முதல் பாடத்தை இருபத்திரண்டாவதாக வைத்தேன்.

மத்தியானம் அவரே சமைத்தார். நான் உதவிக்கு எழுந்தேன், "குறுக்க வராத" என்றார். டின் மீன் குழம்பு. வெங்காயத்தை நான் வெட்டுவதைவிடப் பொடியாக வெட்டினார். டின்னைத் திறக்கும்போது விரலால் விளிம்பைத் தடவிக்கொண்டே திறந்தார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். ஒரு துளி சிந்தவில்லை. உறைப்பு மட்டும் கொஞ்சம் தூக்கல், அது கண் இருந்த காலத்திலும் அப்படித்தான்.

நான் நீக்கிய இரட்டைகளின் இடத்தில் அதே பாட்டை இன்னொரு முறை வைத்து, சாயந்தரத்துக்குள் இருநூற்றுப் பதினொன்றையும் முடித்தேன். மீதி ஆறாயிரத்தை அழித்தேன். வலிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். பெட்டியைக் கொடுத்தேன். அப்பா சக்கரத்தைச் சுற்றி, நாற்பத்தேழு எண்ணி, அமுக்கினார். காதில் ஒயரை வைத்தார். கண்ணை மூடிக்கொண்டார், மூடினாலும் திறந்தாலும் ஒன்றுதான் என்றாலும். என்ன பாட்டு என்று நான் கேட்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்தாலே போதுமாக இருந்தது.

ஆறு மணிக்கு எழுந்து ஐஸ் பெட்டிக்குப் போனார். அதே நேரம் என் போன் அடித்தது. தம்பி. லேப்டாப்பை மடக்கிக்கொண்டிருந்ததால் ஸ்பீக்கரில் போட்டேன்.

"அக்கா, வேன் சொல்லிட்டேன். நாளைக்குப் பத்து மணி. அப்பா எப்படி இருக்காரு? மூளை ஓகேயா?"

"மூளைக்கு ஒண்ணும் இல்ல. உன்னைவிட நல்லா இருக்கு."

"அப்போ கண்ணு? கண்ணு எப்படி? ஸ்க்ரீன் படிக்கிறாரா இல்லையா, அதைச் சொல்லு."

வாயைத் திறந்தேன். இரண்டு பதிலும் நாக்கின் நுனியில் இருந்தன. எதைச் சொன்னாலும் நான் நாசமாய்ப் போவேன் என்று தோன்றியது. பின்னால் பேனாவைத் திருகும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அது நின்றது.

அப்பா மேசை விளிம்பைத் தடவிக்கொண்டு வந்தார். பேனாவை என் முகத்துக்கு நேராக நீட்டினார். கொஞ்சம் இடது பக்கமாக நீட்டியதால் நான்தான் தலையை நகர்த்திக்கொண்டேன்.

"எத்தனைன்னு படி" என்றார்.

பார்த்தேன். "பதினெட்டு" என்றேன்.

"சத்தமா படி. அவனுக்கும் கேக்கட்டும்."

"பதினெட்டு!"

"எதைக்கா படிக்கிற? நீ ஏன் படிக்கிற?" என்றான் தம்பி.

அப்பா போன் இருந்த பக்கம் குனிந்தார். "எனக்குக் கண்ணு தெரியலடா. ரெண்டும் போச்சு. அதான் அவ படிக்கிறா. ஆனா எண்ணுனது நான்."

அப்பா சட்டையைத் தூக்கி, வயிற்றில் இடம் தடவி, மருந்தைப் போட்டுக்கொண்டார். பேனாவை மூடினார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நாளைக்கும் ஆறு மணிக்கு இங்க வந்து படிப்பியா?" என்று கேட்டார்.